ஆணியில் மாட்டிய சாவி

ஜனவரி 6

மேனேஜரம்மாவுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயர் இது. ஊரையே மேய்க்கிறவள் என்று கேலிக்கு வைத்தார். நீயும் அதைப் பட்டம் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டாய், இப்போது சமூகக் கூடத்தில் எல்லாரும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கடிதத்துக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம். மகளின் பிரசவத்துக்கு என்று அவ்வளவு தூரம் போயிருக்கிறாய், இந்த நேரத்தில் எழுதக் கூடாதுதான். எழுதாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

முந்தாநாள் காலை எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. போன் கட்டிலுக்கு அடியில் விழுந்து சார்ஜ் தீர்ந்து கிடந்திருக்கிறது. பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். அரைத் தூக்கம், உடம்பெல்லாம் அனல். உன் அண்ணன்தான் வேலை முடிந்து வந்துவிட்டார் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன மனிதரை வந்துவிட்டார் என்று நினைத்துக் கால்மாட்டில் கிடந்த அவருடைய போர்வையை மடிக்கக் கை நீட்டினேன். அந்த ஒரு நொடியை நீ எனக்குக் கொடுத்தாய். நினைவு வைத்துக்கொள்.

வாசலில் நின்றவர் ஒரு அந்நியர். ஒல்லியாக, ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, காலில் ஜோடி சேராத செருப்போடு நின்றார். அவருக்குப் பின்னால் கூடத்துக் காவல்காரர் நின்றார். நான் தலை கலைந்து, நைட்டியோடு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் வாயைத் திறந்த பிறகுதான் குரலை வைத்து ஆள் யார் என்று தெரிந்தது.

"பயப்படாதீங்க டீச்சர். நான்தான். நீங்க கூப்பிடலேன்னா உடனே போய்ப் பார்க்கணும்னு சொல்லித்தான் மேனேஜரம்மா சாவியைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க."

கிரேன்காரர். தினமும் காலையில் நான் போன் செய்து பேசுகிற கிரேன்காரர்.

அக்டோபரில் என்னிடம் வந்து என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். குளிர்காலத்தில் தனியாக இருப்பவர்களுக்குக் காலையில் போன் செய்யத் தொண்டர்கள் போதவில்லை என்றாய். ஒரே ஒருத்தர் மட்டும், அண்ணி, எனக்காக என்றாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டுநர், வாழ்நாளெல்லாம் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவர், யாரோடும் பேசத் தெரியாது என்றாய். எப்படிப் பேச வேண்டும் என்றும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்கவே கூடாது, நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவார்கள், பருவத்தைப் பற்றி ஒரு துணுக்குக் கேள்வி கேள், பதிலை யோசிக்கிறவர் நன்றாக இருக்கிறார், "தெரியாது, விடுங்க" என்கிறவரிடம் ஏதோ சரியில்லை என்றாய்.

எனக்கு அது பிடித்தது. கண்ணாடிக் கடையில் நான் செய்ததும் அதுதானே. கண் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டால் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது வரியைப் படியுங்கள் என்றால்தான் உண்மை வெளியே வரும்.

அதற்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். குளிர்காற்றில் கண்ணில் ஏன் நீர் வழிகிறது, மழை நாளில் மரக்கதவு ஏன் பிடித்துக்கொள்கிறது, பகல் மிகக் குறுகிய நாளும் சூரியன் சீக்கிரம் மறையும் நாளும் ஏன் வேறு வேறு நாள் என்று தேடித் தேடிக் கேட்டேன். கேள்வி கேட்பதால் என்னை டீச்சர் என்பார். நான் கண்ணாடிக் கடைக்காரி என்று எத்தனை தடவை சொன்னாலும் டீச்சர்தான். குளித்து, தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டுதான் போனை எடுப்பேன். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற நினைப்பு. ஒருத்தருக்கு நான் வேண்டியிருக்கிறது என்ற நினைப்பு. என் காதில் நீ சுற்றிய பூ எவ்வளவு பெரியது என்று அந்தக் காலைதான் தெரிந்தது.

சாவி, உன் அண்ணன் திடீரென்று நினைவு தப்பி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி நாட்களில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற உன்னிடம் கொடுத்தது. அதை நான் மறந்தே போனேன். நீ மறக்கவில்லை.

அன்று மாலையே காய்ச்சலோடு எழுந்து ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். அவரிடம் போய்ச் சாவியைத் திருப்பிக் கேட்க எனக்கு முகம் இல்லை. பழையது அவரிடமே கிடக்கட்டும்.

அவர் சொன்னது உண்மையா என்று எழுது. போன் செய்யாதே. போன் எடுப்பதை விட்டுவிட்டேன், யாருக்கும் செய்வதையும்தான்.

அண்ணி


ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் காய்ச்சல் எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள். சமையலறை மேல் தட்டில், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் பிஸ்கட் இருக்கும், நான்தான் வைத்தேன்.

இங்கே இன்னும் வலி எடுக்கவில்லை. டாக்டர் இன்றைக்கு நாளைக்கு என்கிறார். மகள் நடக்கிறாள், உட்காருகிறாள், என்மேல் எரிந்து விழுகிறாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிப் பையை நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து அடுக்குகிறார். உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன்.

உண்மைதான் அண்ணி. மறைத்து என்ன பிரயோஜனம்? உங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை வைத்தேன். நீங்கள் கோபப்படலாம், ஆனால் அக்டோபரில் நீங்கள் இருந்த இருப்பையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜன்னல் திரைகளை நீங்கள் திறந்து மாதக்கணக்காகியிருந்தது. சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தால் கதவுச் சங்கிலியை எடுக்காமல் அந்த இடுக்கு வழியாகவே பாத்திரத்தை வாங்கிக்கொள்வீர்கள். மறுநாள் அதே பாத்திரம் அப்படியே திரும்பி வரும். மனநல டாக்டரிடம் போகலாம் என்று சொன்னதற்கு, "நான் யாருக்கும் நோயாளி இல்ல, என்னைத் தொந்தரவு பண்ணாதே"ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். என் மூக்குக்கு நேராக.

காலையில் உங்களுக்கு ஒருவர் போன் செய்வார் என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பீர்களா? மாட்டீர்கள். நீங்கள் ஒருவருக்குச் செய்ய வேண்டும் என்றதும் எழுந்தீர்கள். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்காக ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்க மாட்டீர்கள், அடுத்தவருக்கு என்றால் மாடிப்படி ஏறி இறங்குவீர்கள். அதைத்தான் பயன்படுத்திக்கொண்டேன். நீங்கள் எங்கேயாவது விழுந்து கிடந்தால் கதவை உடைத்துத் திறக்க வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் சாவி.

பலன் கிடைத்ததா இல்லையா? நவம்பரில் திரையைத் திறந்தீர்கள். மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தீர்கள். கட்டிலில் அண்ணன் படுத்த பக்கம், அந்தச் சுவரோரம், அவருடைய தலையணையிலேயே தூங்கவும் ஆரம்பித்துவிட்டீர்கள். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நல்லது நடந்திருக்கிறது, அண்ணி. நடந்த விதம் உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கோபம் ஆறியதும் போனை எடுங்கள். பிள்ளை பிறந்த செய்தியைக் கடிதத்திலா சொல்வது?

உங்கள் நாத்தனார்


ஜனவரி 20

அவ்வளவுதான் என்கிறாய்.

அந்தத் தலையணையைப் பற்றி உனக்கு யார் சொன்னது?

நான் உன்னிடம் சொல்லவில்லை. என் படுக்கையறைக்குள் யாரும் வந்ததில்லை, உன் ஆள் சாவி போட்டுத் திறந்த அன்றைக்கு முன்னால். ஒரே ஒருத்தரிடம்தான் அதைச் சொன்னேன். மூச்சு ஏன் புகையாகத் தெரிகிறது என்று கேட்ட காலை அது. சரியாகப் பதில் சொல்லிவிட்டு, அவருடைய மனைவி போன பிறகு கட்டிலில் தான் படுப்பதே இல்லை, நாற்காலியில்தான் தூங்குகிறேன் என்றார். ஒரு மனிதர் இவ்வளவு சொல்கிறாரே என்று நானும் தலையணையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தைரியமாக இருக்கட்டும் என்றுதான்.

அப்படியென்றால் நான் பேசியதெல்லாம் உனக்கு வந்துகொண்டிருந்தது. வாராவாரம் ஒப்பிப்பாரா? என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன், எதற்கு அழுதேன், எல்லாமா? கண் டாக்டர்கூட நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் கண்ணில் மருந்து விடுவார். நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். பரிசோதனையில் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். இதைக் கேட்கத்தான் இரண்டு நாளாகக் காகிதத்தை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

டிசம்பரில் ஒரு காலை, மரம் ஏன் இலையை உதிர்க்கிறது என்று கேட்டேன். காற்று அடித்து விழுகிறது என்றார். இல்லை, மரமே காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கை வளர்த்து இலையைத் துண்டித்துவிடுகிறது, இலைக்குத் தெரியாமலே எல்லாம் நடந்து முடிந்துவிடும் என்றேன். சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். உன் அண்ணன் தன் நோயை என்னிடம் மறைத்ததைச் சொன்னேன். அவர் போன பிறகு அலுவலக மேஜையைக் காலி செய்து கொண்டுவந்து கொடுத்த பெட்டியில் மாத்திரை அட்டைகள் இருந்ததைச் சொன்னேன். மாதக்கணக்காக அவருக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் வெறும் இருமல் என்றார், நானும் இருமலுக்கு வெந்நீர் வைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விடைபெறக்கூட எனக்கு வழி வைக்கவில்லை, கோழை என்று சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அதோடு இன்னொன்றும் சொன்னேன். கிரேன்காரர் தயங்கித் தயங்கி, "வீட்ல வேற யாருக்காவது தெரிஞ்சிருக்குமா டீச்சர்?" என்று கேட்டார். தங்கைக்குத் தெரிந்திருந்தால் அவள் என்னிடம் மறைத்திருக்க மாட்டாள், அவள் ஊரை மேய்ப்பாளே தவிர பொய் சொல்ல மாட்டாள் என்றேன். உனக்காக நான் அப்படி ஜாமீன் நின்றேன்.

அதையும் அவர் உன்னிடம் சொல்லியிருப்பார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாயா?

உன் அண்ணன் உன்னிடம் சொல்லியிருந்தாரா, இல்லையா? சுற்றி வளைக்காமல் எழுது.


ஜனவரி 29

அண்ணி,

சொல்லியிருந்தார்.

மழைக்கால ஆரம்பத்தில், கூடத்துக்கு வந்து, நாற்காலிகளை அடுக்க எனக்குக் கை கொடுத்துக்கொண்டே சொன்னார். சத்தியம் வாங்கிக்கொண்டார். "உங்க அண்ணிகிட்ட சொன்னா அவ அன்னைக்கே என்னை நோயாளியா பார்க்க ஆரம்பிச்சுடுவா. இருக்கிற வரைக்கும் புருஷனா இருந்துட்டுப் போறேன்." இதுதான் அவர் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நான் சண்டை போட்டேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, போட்டேன். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த நாற்காலியை எடுத்தார். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் கையால் டீ வாங்கிக் குடித்த ஒவ்வொரு தடவையும் சொல்ல வந்ததையும் அதோடு சேர்த்து விழுங்கினேன். நீங்கள் வெந்நீர் வைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு மட்டும்தான் துரோகம் நடந்தது என்று நினைக்காதீர்கள். எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அவர் சாகப்போகிறார் என்று தெரிந்துகொண்டு யாரிடமும் அழ முடியாமல் அத்தனை மாதம் நான் நடமாடினேன்.

கிரேன்காரர் சனிக்கிழமைதோறும் பேசுவார், அதுவும் நிஜம். அந்த வாரம் கூடத்துச் சமையலறையில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கோழை என்றதைச் சொன்னார். என் அண்ணனை ஒரு வெளியாளிடம் போய்க் கோழை என்று சொல்லிவிட்டீர்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. பிறகு ஜாமீன் நின்றதையும் சொன்னார். தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றேன். அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன், பிறகு ரயில் ஏறிவிட்டேன்.

பேரன் பிறந்துவிட்டான். எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மகளுக்கும் உடம்பு சரியில்லை. என்னால் இப்போது நகர முடியாது. அதனால்தான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் உங்கள் கோபம் இரட்டிப்பாகும்.

கிரேன்காரரும் உங்களைப் போலத்தான். அவருடைய மகள் கடல் தாண்டி இருக்கிறாள், அவள்தான் என்னிடம் கெஞ்சினாள். மனைவி போன பிறகு வெளியே வருவதை நிறுத்திவிட்டார், சாப்பிடுவதில்லை, போனை எடுப்பதில்லை என்று அழுதாள். உதவி என்று போனால் அவரும் கதவைத் திறக்கவில்லை. அதனால் அவரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு அம்மா தனியாக இருக்கிறார், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் அவர்தான் உங்களைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு போன் செய்வார், தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். உங்களிடம் அவரைக் காட்டினேன், அவரிடம் உங்களைக் காட்டினேன். நீங்கள் நினைத்தது முழுப் பொய் இல்லை அண்ணி. நீங்களும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அவருக்கு இது தெரியாது. இப்போது என் போனையும் எடுப்பதில்லை. வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடக்கிறது என்று காவல்காரர் சொல்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து "நல்லா இருக்கேன், போங்க" என்று மட்டும் சத்தம் வருகிறதாம். நல்லா இருக்கேன் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு தடவை அவரைக் கூப்பிடுங்கள்.


பிப்ரவரி 3

பேரன் நன்றாக வரட்டும். அவனுக்கும் எனக்கும் ஒரு வழக்கும் இல்லை.

கிரேன்காரர் கதையை நான் நம்பவில்லை. எனக்காக எழுந்திருக்க மாட்டேன், அடுத்தவருக்கு என்றால் எழுந்திருப்பேன் என்று நீதான் முதல் கடிதத்தில் எழுதினாய். இப்போது மறுபடியும் ஒரு அடுத்தவரை நீட்டுகிறாய். பால் பாக்கெட் வேறு. இன்னும் எத்தனை தடவை என் தலையில் மிளகாய் அரைப்பாய்?

உன் அண்ணன் சொன்னதை எழுதியிருக்கிறாய். புருஷனாக இருந்துவிட்டுப் போகிறாராம். நான் பெண்டாட்டியாக இருந்துவிட்டு அனுப்ப வேண்டாமா? அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டீர்கள். அண்ணனுக்கு நிம்மதி, தங்கைக்கு சத்தியம். எனக்கு வெந்நீர்.

இனி எழுத வேண்டாம்.


பிப்ரவரி 9

எழுதாதே என்றீர்கள். ஒரு விஷயம் மட்டும்.

இந்தத் தடவை உண்மை. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பொய் சொன்னவள் உண்மை சொல்லும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை நம்ப வேண்டாம். தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு, கடைசிக் கட்டடம், தரைத்தளம். அந்த வழியாக ஒரு தடவை நடந்து போய் ஜன்னலைப் பாருங்கள். திரை திறந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

என்மேல் உள்ள கோபத்துக்கு அவர் பட்டினி கிடக்க வேண்டாம்.


பிப்ரவரி 21

மேனேஜரம்மாவுக்கு,

திரை மூடியிருந்தது.

உன் கடிதம் வந்த பிறகும் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ரொட்டி வாங்கப் போனவள் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து நல்லா இருக்கேன் என்று குரல் வந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எப்படி இருக்கீங்கன்னு நான் கேட்கவில்லை, பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது எந்த மாதம் என்று கேட்டது என்ன ஆயிற்று என்று கத்தினேன். காய்ச்சலுக்கு முதல் நாள் அவரிடம் கேட்டுவிட்டு, பதிலை நாளைக்குச் சொல்லுங்கள் என்று விட்டுவைத்த கேள்வி அது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. தாடியும் அழுக்கு ஸ்வெட்டருமாக நின்றார். முகம் பாதியாகியிருந்தது.

"ஜனவரிதானே டீச்சர்? குளிர்காலத்துலதான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

சரிதான். இந்தக் குளிரில்தான் மிகப் பக்கத்தில் இருக்கிறோம். பக்கத்தில் இருப்பதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. உன்னை வைத்து எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

ஒரே அறை. ஜன்னல் பக்கம் நாற்காலி, அதில் மடித்த போர்வை. கட்டிலில் விரிப்புக்கூடக் கலையவில்லை. கழுவாத தம்ளர்கள் தொட்டியில் கிடந்தன. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்கு. ஷூ இரண்டும் துடைத்து, வெளியே பார்த்து வைத்திருந்தது. அதற்கு மேலே ஒரு ஆணி. ஆணியில் என் வீட்டுச் சாவி, சிவப்பு நூல் கட்டி.

அன்றைக்கு என்னைப் பயமுறுத்திவிட்டதால் என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து தன்னை நீக்கிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். கிரேன் ஓட்டிய காலமெல்லாம் கீழே நிற்கிற ஆள் கையைக் காட்டினால் தூக்குவேன், காட்டினால் இறக்குவேன், ஒரு சுமையைக்கூடத் தவற விட்டதில்லை, கடைசியில் உங்களைத் தவற விட்டுவிட்டேன் என்றார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததுகூட அவருக்கு அவமானமாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஷூவைத் துடைத்துக் கதவோரம் வைக்க ஆரம்பித்தாராம். நான் மறுபடி கூப்பிட ஆரம்பித்து, எப்போதாவது ஒரு நாள் கூப்பிடாமல் போனால் சரியானபடி வர வேண்டும் என்று. நான் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டேன் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். சொல்வதுதான் கடமை என்று நினைத்தேன், கோழை என்றதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அன்றைக்கே தோன்றியது என்றார். கண் கலங்கினார். இனி யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அவராகவே சொன்னார். உனக்குச் சனிக்கிழமை போன் வராது. காத்திருக்க வேண்டாம்.

அவரிடம் கோபம் இல்லையா என்று நீ கேட்பாய். இருந்தது. ஆனால் போன் வரவில்லை என்றதும் அவர் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். உங்களையும் ஏமாற்றியிருக்கிறாள், நீங்களும் என்னைப் போல்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்கு நடந்தது அவருக்கு நடக்கக் கூடாது, ஒரு மனிதருக்குத் தன்னைப் பற்றிய நிஜம் தெரிய வேண்டும் என்று எனக்குள் அவ்வளவு நியாயம் இருந்தது. அப்போது அவர், "நீங்க கொஞ்சம் இளைச்சிருக்கீங்க டீச்சர், ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். தாடியும் குழி விழுந்த கண்ணுமாக என்னைப் பார்த்துக் கேட்டார். சொல்ல முடியவில்லை. நாளையிலிருந்து கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். எழுந்து போய்த் திரையைத் திறந்துவிட்டார்.

அந்த நிமிஷம் உன் அண்ணனையும் உன்னையும் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆறிவிட்டது என்று நினைக்காதே. முன்னைவிட வலிக்கிறது. ஒருத்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நீ என்னையும் உன் மாதிரி ஆக்கிவிட்டாய், அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம். உன் அண்ணனைத் திட்ட ஆள் இல்லை. நீ இருக்கிறாய், அதனால் இரண்டு பேர் பங்கும் உனக்குத்தான் வருகிறது. எப்போது தீரும் என்று எனக்குத் தெரியாது. தீரும்போது சொல்கிறேன்.

தினமும் காலையில் கூப்பிடுகிறேன். நேற்று, கண்ணாடி போட்டவர்கள் குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் ஏன் கண் தெரிவதில்லை என்று கேட்டேன். சுலபம் டீச்சர், கஷ்டமாகக் கேளுங்கள் என்றார். தாடியை எடுத்துவிட்டாராம்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. என்றைக்காவது நான் கூப்பிடாமல் போனால் அவர் ஷூவை மாட்டிக்கொண்டு வருவார். சிவப்பு நூல் கட்டிய சாவியைப் போட்டுத் திருப்புவார். அது திரும்பாது. பூட்டை மாற்றியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால், எதற்கு மாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

சாவிக்கடையில் புதுப் பூட்டுக்கு இன்னொரு சாவி செய்யச் சொன்னேன். இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் டீ போடத் திரும்பிய நேரத்தில் ஆணியிலிருந்து பழையதை எடுத்து, நூலை அவிழ்த்துப் புதியதில் கட்டி மாட்டிவிட்டேன். பழையதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. டீயில் சர்க்கரை அதிகம், குடித்துவிட்டு வந்தேன்.

புதுப் பூட்டுக்கு மூன்றாவது சாவி கிடையாது.

பழைய சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். பேரன் வீட்டுக்கு வந்ததும் அவன் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள், எதையும் வாயில் வைக்கிற வயசு சீக்கிரம் வந்துவிடும். நீ அதை எங்கே வைத்தாலும் சரிதான். அது இனி எந்தக் கதவையும் திறக்காது.

அண்ணி